பெட்டிக்குத் தண்ணி வார்த்த விசேஷம்

புதுவயலில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்குகிறவன் ஒன்று வெளியூர்க்காரனாக இருக்கவேண்டும், இல்லை மாப்பிள்ளையாக இருக்கவேண்டும். ஊரைச் சுற்றி அரிசி மில். ஒரு மில்லில் நெல் அவியும்போது இன்னொன்றில் அரைபடும், அடுத்ததில் களத்தில் காயும். அவிந்த நெல்லின் வாசனை எந்நேரமும் தெருவில் நின்றுகொண்டிருக்கும். உமித்தூசி காற்றில் ஏறிவிட்டால் கொடியில் காய்கிற துணி, மூடாத குடம், வாரி முடிந்த தலை, ஆறவைத்த கஞ்சி என்று ஒன்றையும் விடாது. அதற்குமேல் பாய்லர் சாம்பல் வந்து கறுப்பாகப் பொட்டு வைக்கும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்தினால் உள்ளூர்க்காரர்களுக்குப் பொல்லாத கோபம் வரும். "நீக திங்கிற சோறு வெள்ளையா இருக்குல்ல? அதுல இருந்த அழுக்கெல்லாம் எங்க தலையிலதான் வந்து விழுகுது. பேசாமப் போங்க" என்பார்கள்.

அந்த ஊரில்தான் லூசியா வீட்டில் கம்ப்யூட்டர் வைத்தாள்.

லூசியா மானகிரியில் பிறந்தவள். புதுவயலுக்கு வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் மரிய அந்தோணி மில்லில் எடை போடுகிற கணக்கப்பிள்ளை. அவன் அதிகம் பேசமாட்டான். மூட்டையைப் பார்த்தே எடை சொல்லிவிட்டுப் பிறகு தராசில் ஏற்றிச் சரிபார்த்துக்கொள்கிற ஆள். லூசியா காரைக்குடிக்கு பஸ்ஸில் போய் கம்ப்யூட்டர் வகுப்பில் தமிழ் தட்டச்சு படித்து வந்தாள். வந்தவள் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், கோயில் திருவிழா அழைப்பு எல்லாம் அடித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். ஊரில் அதுவரை வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வைத்தவர் யாரும் கிடையாது. முதல் வாரம் பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். லூசியாவுக்கு அது பிடித்திருந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருஷக் கோடையில் பெட்டி படுத்துக்கொண்டது. காலையில் கொஞ்ச நேரம் ஓடும். வெயில் ஏறி, மில்லும் ஓடத் தொடங்கிவிட்டால் திரை அப்படியே உறைந்து நின்றுவிடும். அடித்ததெல்லாம் போய்விடும். பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருக்கிற சின்ன விசிறியில் உமி கட்டிக் குருவிக்கூடு மாதிரி இருக்கும். லூசியா பெயின்ட் பிரஷ் வைத்துத் துடைப்பாள், சைக்கிள் பம்பு வைத்து ஊதுவாள். மறுநாள் மறுபடியும் அதே கூடு. விசிறியைத் துணியால் மூடினால் உமி வராது, ஆனால் பெட்டி கொதித்துப்போய் நிற்கும். மூடாவிட்டால் உமி போய் அடைத்துக்கொண்டு கொதிக்கும். இரண்டு பக்கமும் இடி.

சும்மா காலமாக இருந்தால் பொறுத்திருப்பாள். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா வந்திருந்தது. பொன்விழா மலர் போடுவது என்று கமிட்டியில் முடிவானபோது, மதுரையில் கொடுத்துவிடலாம் என்றார்கள். லூசியாதான் எழுந்து, "நம்ம ஊரு மலரை நம்ம ஊர்லயே அடிப்போம். நான் அடிச்சுத் தாரேன்" என்று சபையில் வாக்குக் கொடுத்தாள். கமிட்டித் தலைவர் அழகுசுந்தரம், அந்தப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், சரி என்றார். பிறகு மதுரை அச்சகத்திலிருந்து ஓர் ஆள் வந்துபோனான். "புதுவயல்லயா? அந்தத் தூசியில கம்ப்யூட்டரா?" என்று சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பு எப்படியோ தெரு தாண்டி லூசியாவின் காதுக்கும் வந்து சேர்ந்தது.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்மா. முடியலைன்னா தப்பில்லை, மதுரைக்கே அனுப்பிடலாம்" என்று அழகுசுந்தரம் சார் பெருந்தன்மையாகத்தான் சொன்னார். அந்தப் பெருந்தன்மைதான் அவளுக்குச் சுட்டது.

லூசியாவின் தம்பி டோனி சிங்கப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு மில் ஆபீஸ் போனுக்குக் கூப்பிடுவான். அவனிடம் அழாத குறையாகச் சொன்னாள்.

"அக்கா, கவலைய விடு. இங்க பசங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தண்ணி ஓட விடுறாங்கெ. எல்லாம் சேத்து ஒரே செட்டா விக்கிது. தண்ணிய ஊத்தி மாட்ட வேண்டியதுதான். சூட்டைத் தண்ணி வெளிய கொண்டாந்துரும். பொட்டிக்குள்ள காத்து இழுக்க வேண்டாம், உமியும் போகாது."

"கரண்டு ஓடுற சாமானுக்குள்ள தண்ணியாடா?"

"கொழாய்க்குள்ளதான் ஓடும், வெளிய சிந்தாது. நாச்சியாபுரம் முத்தப்பன் அடுத்த வாரம் ஊருக்கு வாராப்ல. குடுத்து விடுறேன்."

முத்தப்பன் வந்து சேர்ந்தார். பெரிய பையைத் திண்டாடித் தூக்கிவந்து முன்னறையில் வைத்துவிட்டு, ஒரு செம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"அட்டப்பொட்டி எல்லாத்தையும் அங்குட்டே வீசிட்டேன் ஆத்தா. பிளேன்ல வெயிட்டு விடமாட்டேங்கிறான். ஒரு சாமானை முழுசா வச்சா கஸ்டம்ஸ்ல நோண்டுவான்னு கழட்டிக் கழட்டி அங்கங்க சொருகிட்டேன். தம்பி என்னமோ வெவரமாச் சொல்லி விட்டாப்ல. அலைச்சல்ல மறந்துபோச்சு."

பையைப் பிரித்தாள். சோப்பு, துண்டு, கோடாரித் தைலம், சாக்லேட், பவுடர் டப்பா. நடுவில் தகடு தகடாக மடிந்த ஒரு சட்டம், அதில் விசிறி. கூடவே கையளவு மோட்டார். இதுதான் டோனி சொன்ன சாமான் என்று அந்த இரண்டையும் எடுத்து அலமாரியில் பத்திரமாக வைத்தாள். மாட்டுகிற விதத்தை ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டுக்கொள்ளலாம். மிச்சமெல்லாம் சீதனம்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். சிங்கப்பூர்ச் சாமான் வந்தால் அந்த வீட்டுக்காரி அதைப் பூட்டி வைத்துக்கொள்வது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. அன்றைக்கே பிரித்து, சொந்தம், அக்கம்பக்கம், தெரிந்தவர் என்று ஆளுக்கொன்று கொடுத்துவிட வேண்டும். கொடுக்கிற கையைப் பார்த்துத்தான் அனுப்பினவனின் தரம் பேசப்படும். மரிய அந்தோணியின் அக்கா சவரியாயிக்கு அவள் புருஷன் இருந்த காலத்தில் மலேசியாவிலிருந்து சாமான் வரும். சவரியாயி தெருவுக்கே கொடுப்பாள். லூசியாவுக்கு எப்போதும் ஒரு சோப்பு வரும், மூலை உடைந்த சோப்பு. இது கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து லூசியாவின் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. இப்போது தன் பிறந்த வீட்டிலிருந்து முதல் முதலாக ஒரு பை வந்திருக்கிறது. விடுவாளா?

பைக்குள் இருந்ததிலேயே கண்ணைப் பறித்தது ஒரு பாட்டில். இளம்பச்சைத் திரவம், மேலே முழுக்கச் சீன எழுத்து. தைலம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை; கோடாரித் தைலத்திலும் சீன எழுத்துத்தானே இருக்கிறது. அதைச் சவரியாயியிடம் கொண்டுபோய், "மதினி, உங்க முழங்காலுக்குன்னே டோனி அனுப்பியிருக்கான். ஒசந்த தைலம். கோடாரித் தைலமெல்லாம் இதுக்குப் பக்கத்துல நிக்காது" என்று கொடுத்தாள். மூலை உடையாத ஒரு சோப்பையும் சேர்த்து வைத்தாள்.

அடுத்தது சதுரமான செம்புக் கட்டி ஒன்று, கண்ணாடி போல மெருகு. மேலே இரண்டு சின்னக் குழல் நீட்டிக்கொண்டிருந்தது. பேனா நிறுத்துகிற ஸ்டாண்டு. அழகுசுந்தரம் சாரைத் தவிர வேறு யாருக்குப் பொருந்தும்? அவர் அதை வாங்கி, ஒரு குழலில் நீலப் பேனாவையும் இன்னொன்றில் சிவப்புப் பேனாவையும் நிறுத்தி, மலருக்கு வந்திருந்த கட்டுரைகளின்மேல் வைத்தார். கனமான கட்டி, காகிதம் அசையவில்லை. "ரொம்ப நேர்த்தியா இருக்கும்மா" என்றார். லூசியா அன்றைக்குத் தரையில் கால் படாமல்தான் வீட்டுக்கு வந்தாள்.

ஓடு மாற்ற வந்திருந்த கொத்தனார் கருத்தையாவுக்கு, தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கட்டும் என்று, கண்ணாடி மாதிரித் தெளிந்த ஒரு சுருள் பிளாஸ்டிக் குழாய் கிடைத்தது. "இம்புட்டுத் தெளிவா மட்டக்குழாய் நான் பாத்ததே இல்ல ஆத்தா" என்று அவர் அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மில் ஆபீஸில் போன் அடித்தது.

"என்னக்கா, மாட்டிட்டியா? பொட்டி ஓடுதா?"

"மாட்டுற வெதத்தை நீ சொன்னாத்தானே? மோட்டாரும் அந்தத் தகட்டு விசிறியும் பத்திரமா இருக்கு."

"அது சரி. செம்புக் கட்டி?"

"எந்தச் செம்பு…" என்று தொடங்கியவளுக்குச் சாரின் பேனா ஸ்டாண்டு கண்முன் வந்து நின்றது.

"அதுதான்க்கா பொட்டிக்குள்ள சூடாகுற சில்லுக்கு மேல உக்காரணும். அதுல ரெண்டு மூக்கு இருக்கும், கண்ணாடிக் கொழாயைச் சொருகணும். அப்புறம் அந்தப் பச்சைத் தண்ணிய ஊத்தணும். முத்தப்பன்ட்ட எல்லாம் சொல்லி விட்டேனே! பச்சைத் தண்ணிய மட்டும் பிள்ளைக கைக்கு எட்டாம வையி. அது வெசம். வகுத்துக்குள்ள போச்சுன்னா ஆளு தங்காது. அக்கா? அக்கா?"

ரிசீவரை மரிய அந்தோணியின் கையில் திணித்துவிட்டு லூசியா ஓடினாள். செருப்பு ஒரு காலில் இருந்தது, இன்னொரு காலில் இல்லை. அவித்த நெல் பரப்பியிருந்த களத்தின் குறுக்கே ஓடினாள். நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள், "ஏத்தா, நெல்லை மிதிக்காத!" என்று கத்தினது காதில் விழவில்லை. சவரியாயிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தைலமானாலும் காலுக்குத் தேய்த்தது போக, வயிற்றுப் பொருமலுக்கு வெந்நீரில் ரெண்டு சொட்டு விட்டுக் குடிப்பாள். மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

சவரியாயி அடுப்படியில் கருவாட்டுக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"மதினி! அதைக் குடிச்சீகளா?"

"எதை?"

"தைலத்தை!"

"கொமட்டுற மாதிரி இனிப்பு வாடை அடிச்சுச்சு. எவ குடிப்பா? முழங்காலுக்குப் போட்டேன். என்னடி இப்படி எரைக்கிது உனக்கு?"

லூசியா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். தைலம் தைலமில்லை, பேனா ஸ்டாண்டு ஸ்டாண்டு இல்லை, மட்டக்குழாய் மட்டக்குழாய் இல்லை, எல்லாம் ஒரே சாமானின் கை கால்கள், அதை வெட்டி ஊருக்குப் பங்கு வைத்துவிட்டேன் என்று சொன்னாள்.

சவரியாயி குழம்பை இறக்கி வைத்தாள். லூசியாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பெரிய உடம்பு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அதான பாத்தேன்! தேச்சுத் தேச்சுப் பாக்குறேன், சுரீர்னு ஒரு காந்தலக் காணோம். வெளிநாட்டுத் தைலம் மெதுவாத்தான் கேக்கும்போலன்னு வலது காலுக்கே பாதி பாட்டில ஊத்திட்டேன்."

"கேட்டுச்சா மதினி?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. மொதல்ல கால்ல சோப்பப் போட்டுக் கழுவிட்டு வாரேன்."

கழுவிவிட்டு வந்து ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, லூசியாவின் முன்னால் தள்ளினாள். லூசியா தட்டைத் தொடவில்லை.

"சாயந்தரம் சார் வீட்டுக்குப் போயி கேக்கப்போறேன். வேற வழியில்ல. பேனா ஸ்டாண்டைத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கணும். எதுக்குன்னு கேட்டா, என் பொட்டி ஓடலைன்னு சொல்லணும். அதோட மலரு மதுரைக்குப் போயிரும். கருத்தையாண்ணன்ட்டயும் கேக்கணும்."

சவரியாயியின் முகம் மாறிவிட்டது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"என்ன சொன்ன? கேக்கப்போறியா? குடுத்த பொருளத் திருப்பிக் கேட்டு வாசல் வாசலா நிக்கப்போறியா? யாரு நீ? என் தம்பி பொண்டாட்டி. எங்க வீட்டுல வாழ வந்தவ குடுத்ததக் கேட்டு நின்னான்னு நாளைக்கு மில்லு பூராம் பேசுவாளுக. நான் உசுரோட இருக்கையில அது நடக்காது."

"அப்ப என்ன மதினி பண்ணச் சொல்லுறீக?"

"கேக்காத. கூப்பிடு."

"கூப்பிடுறதா?"

"ஆமா. விசேஷம் வையி. வீட்டுல பிள்ளைக்கித் தலைக்குத் தண்ணி ஊத்தினா தாய்மாமன் சீரு வருதுல்ல? உன் பொட்டிக்கித் தண்ணி ஊத்துறோம். மாமன் சிங்கப்பூர்ல கெடக்கான். சீரை முன்னக்கூட்டியே அனுப்பிட்டான். யாரு யாரு கையில எது இருக்கோ, அவுகவுக தாம்பாளத்துல வச்சு எடுத்துட்டு வரட்டும். நீ கேக்கல. அவுக கொண்டாராக. மரியாதையா வரும், மரியாதையா வாங்கிக்க."

இத்தனை வருஷமாக உடைந்த சோப்புக்காக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தது இந்த மனுஷியையா என்று லூசியாவுக்கு வெட்கமாகிவிட்டது.

"மதினி, ஒண்ணு கேக்கவா? எனக்கு மட்டும் எதுக்கு ஒடஞ்ச சோப்பு குடுப்பீக?"

"எல்லாருக்கும் குடுத்துட்டுப் பாத்தா ஒடஞ்சது ரெண்டு மிஞ்சும். ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. வீட்டாளுகளுக்குத்தான ஒடஞ்சதக் குடுக்க முடியும்? தின்னு, கொழம்பு ஆறுது."

அழைப்புக்குச் சவரியாயியே கிளம்பினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, உமி படாத சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு வீடு வீடாகப் போனாள். மானகிரியில் அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்த கருத்தையாவிடம் பஸ் ஏறிப் போனாள். அவர் அந்தக் குழாயில்தான் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு எது போகணும்னு பாத்துத்தான் என் தம்பி பொண்டாட்டி குடுத்துவச்சா. மட்டம் பாக்குற கையால கொழாய் வந்தாத்தான் தண்ணி நேரா ஓடும்னு ஒரு இது. சனிக்கெழம வந்துருங்க" என்றாள். கருத்தையாவுக்குக் கொஞ்சம் புரியவில்லை. ஆனால் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அழகுசுந்தரம் சார் வீட்டில் சவரியாயி என்ன சொன்னாள் என்பது லூசியாவுக்குத் தெரியாது. கேட்டதற்கு, "சொல்ல வேண்டியதச் சொன்னேன். 'ம்'முன்னாரு" என்பதோடு முடித்துக்கொண்டாள். அந்த 'ம்' லூசியாவைத் தூங்கவிடவில்லை. சார் படித்தவர். மூன்று தலைமுறைப் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டவர். தாம்பாளத்தை வெறுமனே அனுப்பிவிட்டு, கட்டுரைக் கட்டை மதுரைக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வது?

மரிய அந்தோணி தன் பங்குக்கு ஒன்றும் பேசாமல் வேலை செய்தான். சிங்கப்பூர் மோட்டாரின் பிளக்கு சதுரக் காலோடு இருந்தது, நம்மூர் ஓட்டைக்குள் போகாது. அதை வெட்டிவிட்டு வேறு மாட்டினான். பச்சைத் தண்ணி குறைந்ததற்கு, நடுவாரத்தில் மறுபடி கூப்பிட்ட டோனியிடம் கேட்டு, லாரி செட்டிலிருந்து பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரைக் கேனில் வாங்கிவந்தான். மாட்டுகிற விதத்தை லூசியா டோனியிடம் திருப்பித் திருப்பிக் கேட்டு, சோறு வடிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை காலையிலிருந்தே வீட்டில் வெள்ளைப் பணியாரம் வெந்தது. கூடவே மிளகாய்ச் சட்னி. வெயில் ஏறுவதற்கு முன்பே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முன்னால் கருத்தையா. பித்தளைத் தாம்பாளத்தில் குழாயைப் பூமாலை மாதிரி சுருட்டி வைத்து, பக்கத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் சவரியாயி, பாதிப் பாட்டிலைத் தாம்பாளத்தில் நிறுத்தி, அது ஆடிவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லோரும் பார்க்கும்படி மெதுவாக நடந்து வந்தாள். மெதுவாக நடந்ததற்கு முழங்கால் பாதிக் காரணம்தான். களத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு மில் வாசலில் வந்து நின்றார்கள்.

"யாரு வீட்டுல விசேஷம்?"

"எங்க வீட்டுல. பொட்டிக்கித் தண்ணி ஊத்துறோம். வந்து பாருங்க" என்றாள் சவரியாயி, தலையைத் திருப்பாமலே.

சாரைக் காணவில்லை. பணியாரம் ஆறியது. லூசியா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். செம்புக் கட்டி இல்லாவிட்டால் குழாயும் இல்லை, தண்ணீரும் இல்லை. வந்தவர்கள் பணியாரம் தின்றுவிட்டுப் போகவேண்டியதுதான்.

கடைசியில் அழகுசுந்தரம் சார் தெரு முனையில் தெரிந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அந்த வெயிலில், அந்த உமியில். கையில் வெள்ளித் தாம்பாளம். அதில் செம்புக் கட்டி பளபளத்தது. பேனா இரண்டையும் எடுத்துவிட்டுத் துடைத்து வைத்திருந்தார். கட்டிக்குக் கீழே தடியாக ஒரு காகிதக் கட்டு இருந்தது.

லூசியா தாம்பாளத்தை வாங்கினாள். கட்டின் முதல் தாளில் 'பொன்விழா மலர்' என்று சாரின் கையெழுத்து.

"இது எதுக்கு சார்?"

"நீ குடுத்த வெயிட்டை எடுத்துட்டா இது காத்துல பறந்துபோகும்மா. பறந்து மதுரை வரைக்கும் போயிடுச்சுன்னா என்ன பண்றது? அதான் இதையும் சேத்தே கொண்டாந்துட்டேன்."

"இன்னும் பொட்டி ஓடல சார்."

"ஓடும். ஓடலைன்னா ஓடுற வரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும். உனக்கு எழுத்து சொல்லிக் குடுத்ததே நம்ம பள்ளிக்கூடந்தான…" என்று ஏதோ சொல்லத் தொடங்கி, தான் உளறுவது தெரிந்து நிறுத்திக்கொண்டார். லூசியா மானகிரிப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "பணியாரம் வாசனை வருதே" என்றார். சபை சிரித்தது.

லூசியா பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். பழைய விசிறியைக் கழற்றி, சில்லைத் துடைத்து, செம்புக் கட்டியை அதன்மேல் உட்கார வைத்துக் கொக்கியைப் போட்டாள். இரண்டு மூக்கிலும் குழாயைச் செருகினாள். குழாயை வெளியே எடுத்து மோட்டாருக்கும் தகட்டு விசிறிக்கும் கொடுத்து, அதை ஜன்னலோரம் நிறுத்தினாள். பெட்டியின் மற்ற வாயையெல்லாம் மரிய அந்தோணியின் பழைய வேட்டித் துணியால் கட்டினாள்.

"மதினி, நீங்க ஊத்துங்க."

சவரியாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சிலுவை போட்டுவிட்டு, மோட்டாரின் தலையில் இருந்த வாயில் பாட்டிலைக் கவிழ்த்தாள். பச்சைத் தண்ணி குறைந்த இடத்துக்குக் கேன் தண்ணீர் போயிற்று. கம்ப்யூட்டரைப் போடாமல் மோட்டாரை மட்டும் போட்டாள் லூசியா. கண்ணாடிக் குழாயில் பச்சை மெல்ல ஏறியது, குமிழ் விட்டது, வளைந்தது, ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கருத்தையா தன்னையறியாமல் குனிந்து மட்டம் பார்த்தார்.

கீழே விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு சொட்டு விழுந்தது.

லூசியா மோட்டாரை நிறுத்தி, செம்புக் கட்டியின் மூக்கைத் தடவிப் பார்த்தாள். கவ்வியை இறுக்கினாள். போதவில்லை. கருத்தையாவிடம் கட்டுக்கம்பி கேட்டு வாங்கி, இழுத்துச் சுற்றி முறுக்கினாள். கம்பி குத்தி விரலில் ரத்தம் வந்ததைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி மோட்டாரைப் போட்டாள். புதுத்தாள் விரித்தாள். பணியாரத் தட்டு ஒரு சுற்று போய்வந்தது. தாள் ஈரமாகவில்லை. அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டரைப் போட்டாள். திரை வெளிச்சமானது.

மலரின் முதல் பக்கத்தைத் தட்ட ஆரம்பித்தாள். உச்சி வெயில் ஓட்டின்மேல் நின்றது. மில்லில் மதிய ஷிப்டு தொடங்கி, ஜன்னலுக்கு வெளியே உமி பறந்தது. வழக்கமாக நின்றுபோகிற நேரம் வந்தது. வந்த ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார்கள். எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. அந்த நேரம் கடந்து போயிற்று. லூசியா அழுதுகொண்டே தட்டினாள். அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. தன் வாக்கு சபையில் நின்றுவிட்டது என்ற பெருமையில் நெஞ்சு விம்மியது.

"மதுரைக்கு நானே ஒரு போன் போட்டுச் சொல்லிடுறேன்" என்றார் அழகுசுந்தரம் சார். எழுந்தபோது அவர் வெள்ளைச் சட்டையில் சாம்பல் பொட்டு விழுந்திருந்தது. தட்டிவிடாமல் அப்படியே போனார்.

கூட்டம் கலைந்த பிறகும் சவரியாயி போகவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, குழாயின்மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுவென்றிருந்தது.

"என் தைலம் இப்ப எங்குட்டுப் போகுது?"

"உள்ள இருக்க சூட்டை எடுத்துக்கிட்டு அங்குட்டு ஜன்னலுக்குப் போகுது மதினி. ஆறிக்கிட்டுத் திரும்ப இங்குட்டு வருது."

"ம். எடது காலுக்குன்னு வச்சிருந்தது."

லூசியா தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "டோனிட்டச் சொல்லி நெசத் தைலமா உங்களுக்கு வரவழைக்கிறேன் மதினி. ரெண்டு காலுக்கும்."

"வரட்டும். எனக்கு மட்டும் குடுத்து வச்சிராத, தெருவுக்கே குடு. ஆனா பிரிக்கிறதுக்கு முன்ன அவனுக்கு ஒரு போனப் போட்டுரு."

சிரித்தபடி லூசியா மறுபடி எழுத்துக்களுக்குத் திரும்பினாள். வாசலில் மில் பெண்கள் இரண்டு பேர் தலையில் உமியோடு நின்று எட்டிப் பார்த்தார்கள். சவரியாயி அவர்களைக் கை காட்டி உள்ளே கூப்பிட்டாள்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க. வந்து தொட்டுப் பாருங்க. மதுரையில எவன் வீட்டுலயாச்சும் இது ஓடுதான்னு போயி கேட்டுட்டு வாங்க."